சுமந்தவர்கள் சுமக்கப்படும் காலம்

முதுமையும் நடை தளர்வும் விசுவாசமும்: புலம்பெயர்ந்த எமது பெரியோரைப் பற்றிய ஒரு சிந்தனை

பாரிஸ் புறநகர் ஒன்றிலுள்ள தொடர்மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் அந்த அம்மா வசித்து வருகின்றார். குருநகரிலே பிறந்து வளர்ந்தவர். வயது எண்பத்தைந்தைக் கடந்துவிட்டது. கட்டடத்தின் மின்தூக்கி பழுதடைந்து மூன்று வாரங்களாகியும் திருத்தப்படவில்லை. ஞாயிறு பூசைக்கு அவர் வராததைக் கவனித்த சிலர், பூசை முடிந்ததும் வீட்டுக்குச் சென்றிருந்தோம். மருமகள் தேநீர் தந்தார். ஊர்ப் புதினங்களையெல்லாம் விசாரித்து முடித்த அம்மா சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர் எம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"முழந்தாளிலை நிக்காமல் சொல்லுற செபம் செபமாகுமோ, தம்பி?"

உடனடியாக விடை சொல்ல எம்மால் இயலவில்லை. "அதெல்லாம் ஆகும் அம்மா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தோம். ஆயினும் அந்தக் கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. அது அவர் ஒருவருடைய கேள்வி மட்டுமன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும், ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் அடைத்த யன்னல்களுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் எத்தனையோ பெரியவர்களின் உள்ளத்தில் இக்கேள்வி இருக்கின்றது. பலர் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை.

நடந்து வந்த கால்கள்

அந்த அம்மாவின் கால்கள் எவ்வாறு நடந்த கால்கள் என்பதை நாம் அறிவோம். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து சென்றபோது அவரும் அந்தச் சனத்திரளில் ஒருவர். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் ஓரடி வைத்து, நின்று, மீண்டும் ஓரடி வைக்க வேண்டிய நிலை. கணவர் துவிச்சக்கர வண்டியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னிருக்கையில் நடக்க முடியாத மாமியாரை இருத்தி, விழுந்துவிடாமல் அணைத்தபடியே விடியும்வரை நடந்தார். "என்னை இதிலை விட்டிட்டுப் பிள்ளையளைக் கொண்டு போங்கோ" என்று மாமியார் வழிநெடுகக் கெஞ்சினாராம். "கதையாமல் இறுக்கிப் பிடியுங்கோ மாமி" என்று தாம் அதட்டியதை அம்மா இன்றும் நினைவுகூர்கின்றார்.

பின்னர் வன்னி. அங்கே கணவரை அடக்கம் செய்தார். சமாதானக் காலத்தில், 2003 இல், மகனிடம் பிரான்சுக்கு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் இரண்டு பேரூந்துகள் மாறித் தமிழ்ப் பூசைக்குத் தனியே சென்று வந்தவர்தான். பிறகு முழங்கால் மூட்டுகள் தேய்ந்தன. மாரி காலத்தில் ஒருநாள் உறைபனியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை வெற்றிகரமாகவே முடிந்தது. ஆனால் அன்று தொடங்கிய பயம் அவரை விட்டுப் போகவில்லை.

இது அபூர்வமான கதையன்று. அறுபத்தைந்து வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் ஒரு முறையேனும் விழுகின்றார் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. விழுந்தவர் மீண்டும் விழுந்துவிடுவோமோ என அஞ்சி நடப்பதைக் குறைக்கின்றார். நடை குறையத் தசை மெலிகின்றது. தசை மெலிய உடலின் சமநிலை குலைந்து, விழுவதற்கான ஆபத்து இன்னும் கூடுகின்றது. இந்தச் சுழலை அறுப்பதற்காகவே மருத்துவர்கள் நாள்தோறும் சிறிதளவாவது எழுந்து நடக்கச் சொல்கின்றார்கள். ஊன்றுகோலைப் பிடிக்க வெட்கப்படுவோர் எம்மவரில் பலர். ஊன்றுகோல் நடக்க முடியாதவரின் அடையாளம் என்று அவர்கள் எண்ணுகின்றார்கள். உண்மையில் அது தொடர்ந்து நடக்க விரும்புகின்றவரின் துணையாகும்.

கால்களால் ஆன பக்தி

எம்மவரின் கிறிஸ்தவ பக்தி பெரும்பாலும் கால்களாலும் முழங்கால்களாலும் ஆனது. அதிகாலை மணியோசை கேட்டதும் கோவிலுக்கு நடந்து செல்வது, தவக்காலத்தில் சிலுவைப்பாதைத் தலங்கள் தோறும் முழந்தாளிடுவது, திருநாளன்று சுற்றுப்பிரகாரத்தின் பின்னால் செல்வது, ஆடி மாதத்திலும் ஆவணி மாதத்திலும் மருதமடு மாதாவிடம் காட்டு வழியே கால்நடையாகப் போவது என எல்லாவற்றையும் உடலாலேயே செய்து பழகியவர்கள் நாம். வேதாகமப் பாரம்பரியத்தில் வந்த சபையாருக்கும் ஓய்வுநாள் ஆராதனையும் வீட்டுக் கூட்டங்களும் அவ்வாறே எழுந்து போய்ச் செய்கின்ற காரியங்களாக இருந்தன.

ஆகவே கால்கள் தளரும்போது முதலில் தளர்வது விசுவாசத்தின் வெளி வடிவம். வடிவம் போனதும் விசுவாசமே போய்விட்டதாக முதியவர் எண்ணிக் கலங்குகின்றார். "கடவுள் என்னை மறந்துபோனார்" என்று சிலர் சொல்கின்றனர். "நான்தான் கடவுளை மறந்துபோனேன்" என்று வேறு சிலர் குற்ற உணர்வோடு சொல்கின்றனர். ஊரிலென்றால் பங்குச் சுவாமியார் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவார். அயலவர் வந்து செபமாலை சொல்வர். இங்கோ தமிழ்ச் சுவாமியார் ஒருவர் ஒரு நாட்டின் பாதியைச் சுற்றி வர வேண்டியிருக்கின்றது. பிள்ளைகளுக்கு இரண்டு வேலை. பேரப்பிள்ளைகளுக்கோ வேறு மொழி. இத்தனிமையில் ஒருவருடைய நம்பிக்கை உறுதியாக நிற்பது எப்படி?

யாக்கோபு என்னும் புலம்பெயர்ந்த முதியவர்

வேதாகமத்திலே எமது பெரியோரின் நிலைக்கு மிக நெருங்கிய ஒருவர் இருக்கின்றார். ஆதியாகமத்தில் வரும் யாக்கோபுதான் அவர். இளமையில் தமையனுக்கு அஞ்சி நாட்டை விட்டு ஓடியவர். திரும்பி வரும் வழியில் யாபோக்கு ஆற்றங்கரையில் இரவு முழுவதும் போராடியதில் தொடைச்சந்து பிசகி நொண்டி நடந்தவர். அந்தப் போராட்டத்தில் அவருக்கு ஆசீர்வாதமும் கிடைத்தது, நொண்டியும் கிடைத்தது. ஒன்றைத் தந்தவர் மற்றதை நீக்கவில்லை.

முதுமையில் அவருடைய நாட்டைப் பஞ்சம் வாட்டியது. எகிப்திலே உயர் பதவியிலிருந்த மகன் யோசேப்பு தகப்பனைத் தன்னிடம் அழைத்தான். மகன் உயிரோடிருக்கின்றான் என்ற செய்தியை யாக்கோபு முதலில் நம்பவில்லை. தம்மை ஏற்றிச் செல்ல அனுப்பப்பட்டிருந்த வண்டிகளைக் கண்ட பின்னரே அவருக்கு உயிர் வந்தது போலாயிற்று. பிள்ளைகள் அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள் என்று ஆதியாகமம் கூறுகின்றது. நூற்று முப்பதாவது வயதில், நடக்க முடியாத ஒருவர், மகனின் அழைப்பின் பேரில் அந்நிய நாடொன்றில் போய் இறங்கினார். பொறுப்பேற்புப் பத்திரம், விசா என்ற சொற்கள் அக்காலத்தில் இல்லை. மற்றையவை எல்லாம் எமக்குப் பழக்கமானவையே.

எகிப்தில் அவர் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தப் பதினேழு ஆண்டுகளில் அவர் செய்த பெருங்காரியம் என்ன? வயல் உழவில்லை, மந்தை மேய்க்கவில்லை. கண் பார்வை மங்கிக் கட்டிலில் கிடந்த அவரிடம் யோசேப்பு தன் இரு புதல்வரையும் அழைத்து வந்தான். அந்நிய மண்ணில், எகிப்தியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் அவர்கள். "இவர்கள் யார்?" என்று பாட்டனார் கேட்க வேண்டியிருந்தது. ஆயினும் தம்மைத் திடப்படுத்திக்கொண்டு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அவ்விருவரையும் அணைத்து, தலைமேல் கை வைத்து ஆசீர்வதித்தார். தம் முன்னோரின் பெயரையும் அவர்களுடைய கடவுளையும் அந்தப் பேரர்களிடம் ஒப்படைத்தார். இஸ்ராயேலின் வரலாறு அந்தக் கட்டிலைக் கடந்துதான் தொடர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. யாக்கோபு இறுதிக் காலத்தில் கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து பணிந்தார் என்று ஆதியாகமத்தின் எபிரேய வாசகம் கூறும். தம் கோலின் மேல் சாய்ந்து தொழுதார் என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் கூறும். எபிரேய மொழியில் கட்டிலுக்கும் கோலுக்கும் உரிய சொற்கள் ஒரே மெய்யெழுத்துகளால் ஆனவை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதனைக் கோல் என்று வாசித்தது. எந்த வாசிப்பைக் கொண்டாலும் பொருள் மாறுவதில்லை. கட்டிலும் ஊன்றுகோலும் முதுமையின் இரு துணைகள். அவற்றிலே சாய்ந்தபடி செய்த வணக்கத்தை வேதாகமம் விசுவாசத்தின் செயலாக எண்ணுகின்றது. முழந்தாளிட முடியவில்லையே என்று வருந்திய அம்மாவுக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

லூர்துக்கு வந்த நோயாளி

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரை எமது பெரியோரில் பலர் நன்கு நினைவில் வைத்திருப்பர். 1978 இல் பதவியேற்றபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் வல்லவர். 1981 இல் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கானார். 1994 இல் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1995 ஜனவரியில், கொழும்புக்கு வந்து யோசப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராகப் பிரகடனம் செய்தார். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் அவருடைய நடையையும் முகபாவத்தையும் ஈற்றில் குரலையும் பறித்தது. 1999 இல், ஐக்கிய நாடுகள் சபை முதியோர் ஆண்டாகக் கொண்டாடிய வேளையில், உலகின் முதியோருக்கு அவர் மடலொன்று எழுதினார். அதை எழுதியபோது அவரே எழுபத்தொன்பது வயது முதியவர்.

2004 ஓகஸ்ட் 14, 15 ஆம் நாட்களில் அவர் லூர்து நகருக்கு வந்தார். அதுவே அவருடைய கடைசி வெளிநாட்டுப் பயணம். கெபியின் முன்னால் முழந்தாளிட்டவரால் அந்நிலையில் நிற்க இயலவில்லை. அருகிலிருந்தோர் தாங்கித் தூக்கினர். மறுநாள் பூசையிலே பிரசங்கத்தை வாசித்துக்கொண்டிருந்தவர், மூச்சுத் திணறி, தம் தாய்மொழியாகிய போலந்து மொழியில் உதவி கேட்டார். பல மொழிகள் பேசவல்ல ஒருவருக்கு இயலாமையின் வேளையில் வாயில் வந்தது தாய்மொழியே. மறதி நோயால் பிரெஞ்சும் ஜேர்மனும் கலைந்துபோய்த் தமிழிலேயே தண்ணீர் கேட்கும் எமது முதியவர்களை மருத்துவமனைகளில் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

லூர்திலே சக்கர நாற்காலிகளுக்கும் நோயாளர் வண்டிகளுக்கும் எப்போதும் முன்வரிசையில் இடமுண்டு. அவற்றை இழுத்துச் செல்ல உலகெங்கிலுமிருந்து தொண்டர்கள் வருகின்றார்கள். குணமடைந்து திரும்புவோர் மிகச் சிலரே. இருந்தும் மற்றையோர் ஏமாந்து திரும்புவதில்லை. வேறெங்கும் பாரமாக எண்ணப்படுகின்ற தாம் அங்கே முதன்மை பெறுவதை அவர்கள் அனுபவிக்கின்றார்கள். அந்த ஒழுங்கு லூர்து நகருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டியதில்லை.

டோனாவூரில் ஓர் அறை

திருநெல்வேலிச் சீமையிலுள்ள டோனாவூரின் பெயர் எமது சபைகளில் பலருக்குப் பழக்கமானது. வட அயர்லாந்திலே 1867 இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895 இல் இந்தியாவுக்கு வந்தார். அதன்பின் ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. ஆபத்திலிருந்த சிறுமியருக்கு அடைக்கலம் கொடுத்து, டோனாவூரில் பெரியதோர் இல்லத்தை உருவாக்கினார். ஓயாமல் ஓடியாடிப் பணிசெய்த அவர், 1931 ஒக்ரோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றபோது, மாலை மங்கலில் குழியொன்றினுள் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. விரைவில் எழுந்துவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர், வேண்டிக்கொண்டனர். அவர் பழைய நிலைக்கு மீளவேயில்லை. 1951 ஜனவரியில் காலமாகும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அந்த ஓர் அறையிலேயே கழிந்தன.

நோயுற்றோருக்கென்று பிறர் அனுப்பிய ஆறுதல் நூல்கள் அவருக்கு ஆறுதல் தரவில்லையாம். அவையெல்லாம் நலமாக இருப்போர் நலமற்றோருக்கு எழுதியவை. எனவே தாமே, நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதுவதாக, மடல்கள் எழுதினார். அவை 1933 இல் நூலாக வெளிவந்தன. அந்த அறையிலிருந்து அவர் எழுதிய நூல்கள் ஒரு டசினுக்கும் மேல். வலி இல்லையென்று அவர் பாசாங்கு செய்யவில்லை. உறக்கமின்மையையும் சோர்வையும் மறைக்கவில்லை. விசுவாசத்தில் உறுதியாக இருப்பவர் கண்ணீர் விடமாட்டார் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். தமது கல்லறைக்கு நினைவுக்கல் வேண்டாமென்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் கற்தொட்டி ஒன்றை வைத்து, அதில் அம்மை என்று மட்டும் பொறித்தனர்.

கட்டிலைச் சுமந்த நால்வர்

இதுவரை முதியோரின் பக்கமிருந்து பேசினோம். இனி எமது பக்கத்துக்கு வருவோம்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வருகின்றனர். வாசலில் சனநெருக்கம். அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்துக் கட்டிலோடு கீழே இறக்குகின்றனர். அந்நோயாளி ஒரு வார்த்தையேனும் பேசியதாக அங்கே எழுதப்படவில்லை. சுமந்து வந்தோரும் சேர்ந்த அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டே இயேசு செயற்பட்டார் என்று நற்செய்தி கூறுகின்றது. ஒருவரால் நம்ப முடியாத நாட்களில் அவருக்காக மற்றையோர் நம்பலாம். முதியவர் ஒருவர் விசுவாசத்தில் உறுதியாக நிற்பதென்பது அவருடைய மனவலிமையை மட்டும் பொறுத்ததன்று. கட்டிலின் நான்கு மூலைகளையும் பிடிக்க ஆட்கள் இருக்கின்றார்களா என்பதையும் பொறுத்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. சுமக்கப்படுவதற்குச் சம்மதிப்பது எளிதன்று. முதிர்வயதில் இன்னொருவர் உனக்கு இடைக்கச்சை கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவார் என்று இயேசு பேதுருவிடம் சொன்னதாக யோவான் நற்செய்தி தெரிவிக்கின்றது. வாழ்நாளெல்லாம் கொடுத்துப் பழகிய கைகளுக்கு வாங்குவது கூசும். "உங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாது" என்று எமது தாய்மார் சொல்வதன் உள்ளே அன்பு இருக்கின்றது. சிறிது தன்மானமும் இருக்கின்றது. பிள்ளைகளிடமிருந்து உதவியைப் பெற்றுக்கொள்வது அவர்களுக்கு அன்பு செய்யும் வாய்ப்பைக் கொடுப்பதாகும் என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்த்தல் நன்று.

நடைமுறையில் செய்யக்கூடியவை பல. கத்தோலிக்கக் குடும்பத்தினர் தாம் வாழும் பங்கின் குருவானவரிடம் சொன்னால், வீட்டுக்கே நற்கருணை கொண்டுவர ஒழுங்கு செய்யப்படும். இதற்குத் தமிழ்ச் சுவாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேறு சபைகளைச் சேர்ந்தோர் வீட்டில் திருவிருந்து தருமாறு போதகரிடம் கேட்கலாம். அவஸ்தைப் பூசுதல் என்ற பழைய பெயரைக் கேட்டதும் மரணம் வந்துவிட்டதென்று அஞ்சுவோர் இன்றும் உள்ளனர். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972 இல் செய்த சீர்திருத்தத்தின் பின் அது நோயிற்பூசுதல் என வழங்குகின்றது. முதுமையால் தளர்ந்தோரும் பெரிய சத்திரசிகிச்சைக்குச் செல்வோரும் அதைப் பெறலாம். நிலைமை மோசமானால் மீண்டும் பெறலாம். அது நோயாளியைத் திடப்படுத்தும் அருட்சாதனம்.

2021 முதல் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு, பாட்டன் பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய நாளாகத் திருச்சபையில் கொண்டாடப்படுகின்றது. அதை ஏற்படுத்திய பாப்பரசர் பிரான்சிஸ், முழங்கால் நோவினால் 2022 முதல் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தினார். 2025 இல் காலமாகும்வரை தமது பணியைத் தொடர்ந்தார். அந்த ஒரு நாளுக்காகக் காத்திராமல், வாரத்தில் ஒரு மாலை பேரப்பிள்ளைகளை அம்மம்மாவின், அப்பப்பாவின் அருகில் இருத்துங்கள். செபமாலையின் ஒரு பத்து மணியைத் தமிழில் சொல்லட்டும். பிழையாகச் சொன்னாலும் சொல்லட்டும். தொலைபேசியூடாக நான்கைந்து முதியவர்களை இணைத்து மாலைச் செபம் சொல்விக்கலாம். வேண்டுதல்களை அவர்களிடம் ஒப்படையுங்கள். வழக்கு நிராகரிக்கப்பட்டவர், வேலை இழந்தவர், ஊரில் காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய் ஆகியோரின் பெயர்களை எழுதிக் கொடுங்கள். நீண்ட இரவுகளில் விழித்திருப்போர் அவர்களே. அந்த விழிப்புக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் இரவின் நீளம் குறையும்.

மீண்டும் நான்காம் மாடியில்

அடுத்த ஞாயிறும் மின்தூக்கி திருத்தப்படவில்லை. பங்கின் இளைஞர் நால்வர் காலையிலேயே சென்றனர். "எனக்காகக் கரைச்சல் படாதையுங்கோ, என்னை விட்டிட்டுப் போய்ப் பூசையைப் பாருங்கோ" என்று அம்மா மறுத்தார். மகன் எதுவும் பேசாமல் நின்றார். 1995 இல் பத்து வயதுப் பையனாக அந்தத் துவிச்சக்கர வண்டியின் அருகே நடந்து வந்தவர் அவர். சற்று நேரம் கழித்து, "கதையாமல் இறுக்கிப் பிடியுங்கோ அம்மா" என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டார்.

நான்கு மாடிகளையும் இறங்கப் பதினைந்து நிமிடங்களாயின. ஒவ்வொரு மாடியிலும் இளைஞர்கள் இளைப்பாற நின்றபோது, ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் கேட்டு வைத்துக்கொண்டார். இருவர் இங்கே பிறந்தவர்கள். தாய் தகப்பனின் ஊரைச் சொன்னார்கள். கோவிலிலே முன்வரிசையில் நாற்காலியோடு இருத்தப்பட்டார். எல்லோரும் முழந்தாளிட்ட வேளையில் அவர் இருந்தபடியே தலை குனிந்திருந்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும், அந்த நால்வருடைய பெயர்களையும் சொல்லிச் செபித்ததாக எம்மிடம் கூறினார். முன்னைய கேள்வியை அவர் மீண்டும் கேட்கவில்லை.

எமது கட்டடங்களில் இன்னும் எத்தனை மாடிகளில் எத்தனை பேர் காத்திருக்கின்றார்கள் என்பதை இந்த வாரம் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.